சிஎஸ்எஸ் நூல் தேர்வு: சிதறாலிலிருந்து ஒரு கல்வெட்டியல் அணுகுமுறை

களவியலில் தோழியின் பங்கை நூறு கோணத்தில் அலசிவிட்ட தமிழ் ஆய்வுலகம், வலைப்பக்க ஒப்பனை மொழியான சிஎஸ்எஸ்ஸில் அரிச்சுவடி தாண்டியவன் அடுத்து எந்தப் புத்தகம் வாங்குவது என்ற வினாவைத் தீண்டாமலே இருப்பது வியப்புக்குரியது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை. காரணம் உண்டு. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணப் பெண்துறவி பொன் அளித்ததைச் சொல்கிறது. அன்று உளி பிடித்தவர் ஆண்டைத் தெளிவாக வெட்டி வைத்தார். இன்றைய பதிப்பாளரோ அதைத் தலைப்புப் பக்கத்தின் முதுகில் எறும்பு எழுத்தில் ஒளிக்கிறார். பழைய புத்தகக் கடைக்கு வரும் பிரதியில் அந்தத் தாளே இருக்காது. எனவே எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பதே வழி.

டேபிள் கட்டிப் பக்கம் பிரிக்கச் சொன்னால் அது ஆதிகாலம். ஃப்ளோட் போட்டுவிட்டு, அதனால் வரும் வினைக்கு கிளியர்ஃபிக்ஸ் என்று பரிகாரமும் சொன்னால் இடைக்காலம். கிரிட் விரிவாக வந்தால் 2017க்குப் பிற்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் அதை ஏற்றன. கண்டெய்னர் குவெரி தென்பட்டால் 2023ஐ ஒட்டியது. அட்டையில் ‘சிஎஸ்எஸ்3’ என்று கொட்டை எழுத்தில் கண்டு புதுநூல் என முடிவு கட்டுவோர் உளர். மயக்கம் அது. 2.1க்குப் பிறகு மொழியைத் துண்டுகளாக்கி, துண்டுக்கொரு எண் கொடுத்துவிட்டார்கள். மூன்று என்று முழுசாக ஒன்று பிறக்கவே இல்லை.

காலம் சரி, தரம்? எரிக் மேயரின் ‘சிஎஸ்எஸ்: தி டெஃபினிட்டிவ் கைடு’ 2000இல் பிறந்து, எஸ்டெல் வெய்லும் சேர, 2023இல் ஐந்தாம் பதிப்பு கண்டது. ஆயிரம் பக்கம் தாண்டும். அட்டையில் சால்மன் மீன். சாளையும் அயிலையும் தின்று வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரனிடம் மீன் படம் காட்டினால் ஆயிற்றா? அவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். நூலுக்குச் செவுள், கடைசியிலுள்ள சொல்லடைவு. அதைப் பிடித்து இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். உள்ளே நீளமான சொல் இருந்தால் ஃப்ளெக்ஸ் பெட்டி ஏன் சுருங்க மறுக்கிறது? மின்-விட்த்தின் இயல்பு மதிப்பு அங்கே ஆட்டோ. இசட்-இண்டெக்ஸ் 9999 கொடுத்தும் மெனு ஏன் அடியில் கிடக்கிறது? அதன் தாய்ப்பெட்டிக்கு ஓபாசிட்டி 1க்குக் கீழே போயிருக்கலாம். போனால் அது தனி அடுக்காகிவிடும், உள்ளே எத்தனை ஒன்பது போட்டாலும் அடுக்கைத் தாண்டாது. இவ்விரண்டுக்கும் ‘ஏன்’ சொல்லாமல் எண்ணை மட்டும் மாற்றச் சொல்கிற நூலைக் கடையிலேயே வைத்துவிடலாம்.

“எல்லாம் நெட்டுல கிடக்குல்லா, புக்கு எதுக்கு?” என்பது மருமக்கள் தரப்பு வாதம். கிடக்கிறது, உதிரி உதிரியாக. இரண்டு விதிகள் மோதினால் எது வெல்லும் என்பதை ஒருவர் கோவையாகச் சொல்ல வேண்டும். கீத் கிராண்டின் ‘சிஎஸ்எஸ் இன் டெப்த்’ அந்தச் சண்டையைத்தான் முதல் அத்தியாயமாக வைக்கிறது. 2024இல் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. லியா வெருவின் ‘சிஎஸ்எஸ் சீக்ரெட்ஸ்’ சொல்லும் 47 நுட்பங்களும் அழகு. ஆனால் 2015இன் நூல், கிரிட்டுக்கு முந்தியது. ஆக மேசையில் கிராண்ட், அலமாரியில் மேயர். வெருவை இரவல் வாங்கலாம், திருப்பிக் கொடுப்பதாக இருந்தால்.