பூட்டிய அரங்கின் மாட்சி குறித்து அட்டுவம்பட்டியின் விண்ணப்பம்

பெறுநர்: தமிழ்நாட்டின் மரபுக் கட்டடங்களைக் காக்கும் ஆணையம்
அனுப்புவது: கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி, பழனிமலை

ஐயன்மீர்,

மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் நிறைவேறி 2024-இல் நடைமுறைக்கு வந்தது; இடைப்பட்ட காலம் முழுவதும் சட்டமே ஒரு மரபுப் பொருளாக, கைபடாமல் காக்கப்பட்டமையை அட்டுவம்பட்டி மனமாரப் பாராட்டுகிறது.

இத்தகைய பொறுமை வாய்க்காத மலையூர்களுக்கு நேர்ந்ததையும் ஆணையம் அறிதல் நலம். சிம்லாவில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1887-இல் திறக்கப்பட்ட கெய்டி தியேட்டர், மேடையை இருக்கைகள் குதிரைலாடம்போல் வளைத்திருக்க, மைக் இல்லாமல் பேசும் நடிகரின் குரல் கடைசி வரிசைக்கும் எட்டும்படி அமைந்த சிறு அரங்கு. அது அமைந்திருந்த கட்டடத்தின் மேல்தளங்கள் பாரம் தாங்காதென்று பின்னாளில் இடிக்கப்பட்டபோதும் அரங்கு தப்பியது. 2009-இல் புதுப்பித்துத் திறந்தபின்போ, வருவோர் முகப்பைப் படம்பிடித்துத் திரும்பாமல் உள்ளே உட்கார்ந்து நாடகம் பார்க்கும் விபரீதம் தொடர்கிறது. உதகையில் 1886-இல் எழுந்து, ஆளுநரின் மனைவி லேடி வில்லிங்டன் வாங்கிப் பொதுப் பயனுக்கு விட்ட அசெம்பிளி ரூம்ஸ், நடனமும் நாடகமும் ஓய்ந்தபின் சினிமாக் கொட்டகையாகிப் பிழைத்தது. டிக்கெட் கிழிக்கப்படும் இடத்தில் தூசுக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்பது தனிக்கதை.

ஆகவே 'காத்தல்' என்னும் சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் வேண்டும்: சீசனுக்கு, அதாவது கோடையில் வண்டிகள் மலைப்பாதையை அடைத்துக்கொள்ளும் வாரங்களுக்கு, முன்னதாக முகப்புக்கு வண்ணமடித்து, செல்ஃபிக்கு இடம் ஒதுக்கி, உட்கதவைப் பூட்டி, சாவியை அலுவலக மேசைக்குள் வைத்தல். பழம்பெரும் நாடக அரங்கு எதுவும் இல்லாத அட்டுவம்பட்டி, இழக்க ஒன்றுமில்லாத ஊர் என்ற முறையில், இவ்விலக்கணத்தின்படி முழுமையாகக் காக்கப்பட்ட ஊராகும். விருது ஏதேனும் இருப்பின் தயக்கமின்றி அனுப்பலாம்.

ஊராருக்கு ஒரே ஓர் ஐயம் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது விளைந்த மண்ணின் பெயரால் வழங்கும் சட்டக் காப்பு, பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை அவர்கள் புகையேறக் கட்டித் தொங்கவிடுவது, எடுத்து அடுத்த பட்டத்தில், அதாவது விதைப்புப் பருவத்தில், நடுவதற்காக. நடாமல் விட்ட பூண்டு தோலும் காற்றுமாகிவிடும். அரங்கச் சாவியையும் நடவேண்டுமாயின் அது எந்தப் பட்டத்தில் என்பதை, கோப்பு நகரும் வேகத்தையும் கணக்கில் கொண்டு, ஆணையம் முன்கூட்டியே தெரிவிக்கக் கோரப்படுகிறது.