எல்லைக் காவலருக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய காவல் நிலைய அதிகாரி அவர்களின் சமுகத்திற்கு, சென்னைப் புறநகரில் ஒரு தெருவின் இரு வரிசைக் குடிகளும் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

எங்கள் தெருவின் நடுமத்தியில் தங்கள் நிலையத்தின் எல்லை முடிந்து அடுத்த நிலையத்தின் எல்லை ஆரம்பமாகிறது என்னும் பூகோள ரகசியத்தை, சென்ற மார்கழியில், வடவரிசை வீட்டு அம்மாள் ஒருவர் விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு வாலிபர்கள் அவருடைய தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன பிறகே நாங்கள் அறிந்துகொண்டோம். மார்கழிக் கோலம் பெரிது; வாசலில் பிறந்து நடுத்தெருவைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஆகவே, அம்மாளின் வீடு ஒரு நிலையத்தைச் சேர்ந்ததாயினும், கடைசி இழையை இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் அவருடைய கழுத்து எந்த நிலையத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டிருந்தது என்பதே பிரதான விஷயமாகி, களவு உப விஷயமாயிற்று. தங்கள் நிலையத்தார் அவரை அடுத்த நிலையத்துக்கும், அடுத்த நிலையத்தார் தங்கள் நிலையத்துக்கும் வழிகாட்டிய மரியாதையை நாங்கள் மறக்க மாட்டோம்.

விசாரணையில் எழுந்த கேள்விகளும் நுட்பமானவை. இருட்டு நேரத்தில் நகை போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவானேன் என்று கேட்டார்கள். தாலியைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டுக் கோலப்பொடியை எடுக்கும் சம்பிரதாயம் எங்களுக்குள் இதுவரை இல்லை. தாங்கள் ஆக்ஞாபித்தால் ஏற்படுத்திக்கொள்ளலாம். சங்கிலிக்கு பில் உண்டா என்றும் கேட்டார்கள். கலியாணத்தில் தாய்மாமன் போட்ட சங்கிலி அது. போட்டவரும் இல்லை, செய்த ஆசாரியும் இல்லை. திருடியவர்களிடமும் பில் இராது என்ற அளவில் இரு கட்சியும் சமானம் என்றே கொள்ள வேண்டும்.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருப்பது எங்கள் அதிர்ஷ்டமோ தங்கள் துரதிர்ஷ்டமோ, அறியோம். அவர் சொல்லுகிறார்: 2024 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 304-ஆம் பிரிவில் பறிப்பு என்பது தனிக் குற்றமாகி, மூன்றாண்டு வரை சிறைவாசம் விதிக்கப்படலாமாம். அதே நாளில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 173-ஆம் பிரிவோ, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறதாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமென்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும் என்று 2013-லேயே லலிதாகுமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்களாம். இவ்வளவையும், எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாக அம்மாள் கையில் கிடைத்த வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பெரியவர் மௌனமாகிவிட்டார். அவர் மௌனமாவது அபூர்வம்.

ஆனால் தங்கள்மேல் மட்டும் குறை சொல்லுவது தர்மமாகாது. எல்லைக் கோட்டைத் தாங்கள் காகிதத்தில் வரைந்தீர்கள். நாங்கள் மனத்தில் வரைந்துகொண்டோம். அம்மாள் கூச்சலிட்டபோது தென்வரிசையார் அது வடவரிசை விவகாரம் என்று கருதினர்; வடவரிசையார் சாட்சி சொல்லப் போனால் கோர்ட்டுக்கு அலைய நேரிடும் என்று கருதினர். ‘மூன்றாவது கண்’ என்று காவல் துறை பிரசாரம் செய்ததன் பேரில் வீட்டுக்கு வீடு கேமரா வைத்தோம். ஒவ்வொன்றும் தன் வீட்டுக் கேட்டை மாத்திரமே தியானித்துக்கொண்டிருந்தமையால், சம்பவத்திற்குச் சாட்சியாகக் கிடைத்தது ஒரு பின்சக்கரத்தின் பாதி. ஒருவன் வண்டி ஓட்ட, ஒருவன் பறிக்க, மூன்றாமவன் எங்கோ நகையை உருக்குவதற்குக் காத்திருக்க, ஒருவர்மேல் ஒருவர் அசையாத விசுவாசம் வைத்துத் தொழில் நடத்தும் ஐக்கியம் எங்கள் தெருவில் அன்று அந்த வாலிபர்களிடம் மட்டுமே காணப்பட்டது.

அந்த வெட்கத்தின் பயனாகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் திண்ணையில் இரு வரிசையாரும் கூடினோம். கேமராக்களைத் தெருப்பக்கம் திருப்புவதென்றும், விடியற்காலைப் பால் வாங்கும் நேரத்தில் முறைவைத்து நால்வர் உலாவுவதென்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். தலைவர் பதவி பற்றி மாத்திரம் இன்னும் தீர்மானமாகவில்லை. இனி எங்களில் எவர் வீட்டில் களவு போனாலும் புகார் கொடுப்பவர் தனியே வரமாட்டார். தெரு முழுவதும், குழந்தை குட்டிகளோடு, தங்கள் நிலையத்துக்கே வரும், எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வரும் வரையில் உட்கார்ந்திருக்கும்.

ஆதலால், வராந்தாவில் இரண்டு பெஞ்சுகள் கூடுதலாகப் போட்டு வைக்கும்படி பிரார்த்திக்கிறோம். புகார்தாரருக்கு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று மேற்படி 173-ஆம் பிரிவு சொன்னாலும், தங்களுக்குச் சிரமம் வேண்டாம்; வெள்ளைத்தாளும் ஜெராக்ஸ் செலவும் வழக்கம்போல எங்களுடையதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வடவரிசையாரும் தென்வரிசையாரும்