முத்துமாலையைப் பார்த்துச் சிரித்தவளுக்கு

ஏ தாயி, பாத்திரம் கழுவுற பொம்பளைக்குக் கழுத்துல முத்துமாலை எதுக்கு, அடுப்படியில குதிகால் செருப்பு எதுக்குன்னு சோபாவுல உருண்டு உருண்டு சிரிச்சியே, நல்லாச் சிரி. சிரிக்கிற வயசுதான். ‘லீவ் இட் டு பீவர்’ங்கிற அந்தக் கறுப்பு வெள்ளை நாடகத்தைப் பாத்துட்டுக் கட்டுரை எழுதணும்னு வாத்தியாரம்மா சொல்லியிருக்காக. நீ ‘எல்லாம் பொய்’னு ஒத்த வரியில முடிச்சிட்டு ஃபோனைக் கையில எடுத்துட்டே. ஒத்த வரிக்கு அந்தம்மா எவ்வளவு மார்க் போடும்னு எனக்குத் தெரியும். அதனால கெழவன் கொஞ்சம் எடுத்துக் குடுக்கேன், வாங்கிக்கோ. அடுத்த வீட்டுக் கதைன்னா விசாரிக்காம எனக்குத் தூக்கம் வராதுன்னு உனக்குத் தெரியுமே. இந்த வீட்டுக் கதையையும் விசாரிச்சு வச்சிருக்கேன்.

மாலையை மொதல்ல பாப்போம். தாய்க்காரி ஜூனா நடிச்ச பார்பரா பில்லிங்ஸ்லிக்குத் தொண்டைக்குழி கொஞ்சம் ஆழம். விளக்குப் போட்டாப் போதும், அந்தக் குழியில நிழல் விழுந்துரும். அதை மறைக்கப் போட்டதுதான் முத்து. பயலுவ ரெண்டு பேரும் வருசத்துக்கு வருசம் வளந்துக்கிட்டே போனதால வந்துது குதிகால் செருப்பு. பெத்தவ பிள்ளைகளை அண்ணாந்து பாத்தா வைய முடியும்? இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. வீட்டு வாசலைத் தாண்டாத அந்தத் தாயா நடிச்சவுக, நெசத்துல ரெண்டு ஆம்பளப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதிச்ச பொம்பளை. மொதப் புருசனோட விவாகரத்து. ரெண்டாவது புருசன் நாடகம் தொடங்குறதுக்கு முந்தின வருசம் செத்துப்போனாரு. வீட்டுலயே இருக்கிற மாதிரி நடிக்கிறதுக்காகத் தினம் வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்புனவுக அவுக. மாலையைப் பாத்துச் சிரிச்சவளுக்கு இது கண்ணுல படல, என்ன?

அடுத்தது அப்பங்காரன் வார்டு. கோட்டு மாட்டிக்கிட்டு ஆபீசு போறாரு, வாராரு, என்ன வேலைன்னே யாரும் சொல்லலையேன்னு உனக்கு ஒரு குறை. ஏத்தா, உங்கப்பன் என்ன வேலை பாக்கான்? எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. கேட்டா ‘கிளவுடு’ங்கான். மேகத்துல என்னடா ஜோலின்னா உங்கம்மாவும் சேந்து சிரிச்சு மழுப்புதா. பகல் பூராம் காதுல கருவியை மாட்டிக்கிட்டுச் சுவத்தப் பாத்துப் பேசுதான். வார்டாவது ஜோலியை ஆபீசுலயே விட்டுட்டு வீட்டுக்கு வந்தாரு. அந்த வேசம் கட்டுன ஹியூ போமான்ட் மெதடிஸ்ட் சபையில பிரசங்கம் பண்ணுனவரு. அதான் மகனைக் கண்டிக்கிறப்பக் குரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை வாடை அடிக்கும்.

ஒரு விசயத்துல மட்டும் உன்னோட மல்லுக்கு நிக்க மாட்டேன். நாடகம் நடக்கிற அந்த மேஃபீல்டு ஊர்ல கறுப்பு மொகமே காணலியே தாத்தான்னு கேட்டே பாரு, அது கேக்க வேண்டிய கேள்வி. நாடகம் தொடங்குனது 1957 அக்டோபர் 4. அதுக்குக் கொஞ்ச நாளுக்கு முந்திதான் லிட்டில் ராக் ஊர்ல 9 கறுப்புப் பிள்ளைகளை வெள்ளைக்காரப் பிள்ளைக படிச்ச பள்ளிக்கூடத்துக்குள்ள கூட்டிட்டுப் போக ஜனாதிபதி ஐசனோவர் பட்டாளத்தை அனுப்ப வேண்டியிருந்துது. அந்த வீட்டுச் சின்னப் பயல் பீவர் போன பள்ளிக்கூடத்துல அந்தச் சத்தம் கேக்கவே இல்ல. எழுதுன ஜோ கானலியும் பாப் மோஷரும் அதுக்கு முன்னால, வெள்ளைக்காரங்க கறுப்பர் குரல்ல பேசுன ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ ரேடியோ நாடகத்துக்கு எழுதுனவங்க. கறுப்பு மனுசங்க இருக்காங்கன்னு தெரியாம விட்டாங்கன்னு சொல்ல வழியில்ல. இதை எழுது. அழுத்தி எழுது.

ஆனா ‘எல்லாம் பொய்’னு எழுதாதே. பொய் சொல்லுதவனைப் பத்துன கதைதான் தாயி அது. அம்மா அப்பா எவ்வளவு உத்தமம்னு நீ பாத்துக்கிட்டு இருக்கே. நான் அவுகளைப் பாக்கவே இல்ல, பயலுவ முழிக்கிற முழியைத்தான் பாத்தேன். கானலிக்கும் மோஷருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. தன் வீட்டுச் சேட்டையைத்தான் காகிதத்துல ஏத்துனாங்க. மொத நாள் கதையே கள்ளக் கடுதாசிதான்! டீச்சர் ஒரு சீட்டு குடுத்து வீட்டுல குடுக்கச் சொல்லுதா. தன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தொரத்தப்போறாகன்னு பீவர் பயந்து சாவுதான். அண்ணங்காரன் வாலி அம்மா பேர்லயே பதில் எழுதுதான், பயலை அடி வெளுத்தாச்சுன்னு. கடைசியில பாத்தா, பள்ளிக்கூட நாடகத்துல பயலுக்குக் கரடி வேசம் குடுக்கலாமான்னு கேட்ட சீட்டு அது.

அடுத்த கதையில தபால்ல முதலை வாங்குதானுவ. ஆளை விழுங்குற முதலை வரும்னு பாத்தா, உள்ளங்கை அகலத்துல ஒண்ணு வருது. அதைக் கக்கூஸ் தண்ணித் தொட்டியில ஒளிச்சு வளக்கானுவ. டிவியில கக்கூஸைக் காட்டலாமான்னு தணிக்கைக்காரன் குதிச்சதுல, மொதல்ல வர வேண்டிய கதை பின்னால போச்சு. கடைசியில தொட்டியை மட்டும் காட்டிக்கோ, மத்ததைக் காட்டாதேன்னு பஞ்சாயத்து முடிஞ்சுது. வீட்டுல முதலை வளக்கலாம், தணிக்கைக்காரனுக்கு அதுல வருத்தமில்ல!

இப்ப நீ பாடம் படிக்க வேண்டிய ஆளுக்கு வாரேன். வாலியோட கூட்டாளி எட்டி ஹாஸ்கல். ஜூனைக் கண்டா, இன்னைக்கு உங்க உடுப்பு எவ்வளவு அழகுன்னு தேன் ஒழுகும். அவ அந்தப் பக்கம் போனதும் சின்னப் பயல் தலையில மெளகா அரைப்பான். உனக்குப் பிடிக்கலேன்னே. எனக்குப் பிடிச்சுது, எங்கேயோ பாத்த மொகம். ‘தாத்தா, இந்தச் சட்டையில சூப்பரா இருக்கே’ன்னு நீ தொடங்குனா, அடுத்த வாக்கியத்துல ஐஸ்கிரீமு வருமா, ராத்திரி சினிமா வருமான்னுதான் நான் காத்திருப்பேன். எட்டி பண்ணுன தப்பு பொய் சொன்னது இல்ல தாயி, அளவு தெரியாம சொன்னது. மூணு தடவை அழகுன்னா எந்தத் தாய்தான் நம்புவா? ஒரு தடவை சொல்லு, கூடவே ஒரு குறையும் சொல்லு. சட்டை நல்லாருக்கு, காலர்தான் பழசுன்னு. அப்படிச் சொல்லியிருந்தா நானே ஏமாந்திருப்பேன்.

அந்த வேசம் கட்டுன கென் ஆஸ்மண்ட் பின்னாடி என்ன ஆனாருங்கே? லாஸ் ஏஞ்சலஸ்ல போலீசு! ஆள் அடையாளம் தெரியப்புடாதுன்னு மீசை வேற வளத்தாரு. 1980-ல கார்த் திருடனைத் தொரத்திப் போய்க் குண்டடி பட்டு, உள்ளே போட்டிருந்த கவசத்தால தப்பிச்சாரு. பொய் சொல்லிப் பழகுனா உத்தியோகத்துக்கு ஆகும்போல. உங்கம்மாகிட்டச் சொல்லிராதே.

அப்புறம், போன வெள்ளிக்கெழம நீ பள்ளிக்கூடத்துக்குப் போகாததுக்கு உங்கப்பன் பேர்ல ஒரு இமெயில் அடிச்சியே. நான் பின்னாலதான் உக்காந்து மிக்சர் தின்னுக்கிட்டு இருந்தேன். கெழவனுக்கு இங்கிலீசு ஓடாதுன்னு நெனச்சுட்டே. நான் எங்க ஊருக்குப் போஸ்ட்மாஸ்டர், தாயி. படிக்கத் தெரியாதவுகளுக்கெல்லாம் வந்த கடுதாசியைப் படிச்சுக் காட்டி, பதிலையும் நானே எழுதிக் குடுத்தவன். கள்ளக் கையெழுத்தை வாசனையிலேயே கண்டுபிடிப்பேன். உன் கடுதாசி குத்தமில்ல. ஆனா உங்கப்பன் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’னு முடிக்காம இன்னைய வரைக்கும் ஒரு கடுதாசி எழுதுனவன் இல்ல. அடுத்த தடவை அதைச் சேத்துக்கோ.