கொத்தமல்லித் தண்ணீர்: தீராத சில வழக்குகள்

வலப்பனைப் பகுதியின் மேட்டில் இராகலையும் உடப்புசல்லாவையும் இருக்கின்றன. இலங்கைத் தேயிலையின் பேர்பெற்ற வட்டாரங்களில் ஒன்று இது. உலகத்துக்கே கொழுந்து பறித்துக் கொடுக்கும் இந்த மலையில் ஒருவருக்குத் தடிமன் பிடித்தால், அவர் கேட்பது தேத்தண்ணி அல்ல, கொத்தமல்லி அவித்த தண்ணீர். இந்த முரணுக்கு அறிவுலகம் போதிய மரியாதை தரவில்லை.

முதலில் நோயின் பின்புலம். நவம்பர் கடைசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவான இந்தப் பக்கத்தைத்தான் நன்றாக நனைக்கும். பெரட்டில் (காலை ஆள்கணக்கில்) பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போகிற பெண் பொழுதெல்லாம் ஈரத்தில் நிற்கிறாள். ஆனாலும் தடிமனைத் தருவது மழை அல்ல, வைரஸ். ரைனோ வைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. குளிருக்குக் கதவடைத்த காம்பராவில் ஒருவர் தும்மினால் போதும், லயம் முழுவதும் ஆய்வுக்களமாகிவிடும்.

இனி மருந்து. கொத்தமல்லியை லேசாக வறுத்துப் போட வேண்டும் என்பது ஒரு பள்ளி. வறுத்தால் குணம் போய்விடும் என்பது எதிர்ப்பள்ளி. ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் இரு பள்ளிகளையும் நடத்துவதுண்டு. இஞ்சியைத் தட்டிப் போடுவதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. சிங்கள அயலவர்கள் இவ்விரண்டோடு மரமஞ்சள், கண்டங்கத்தரி இனம், பற்படாகம் சேர்த்து ஐந்தாக்கி ‘பஸ்பங்குவ’ என்பார்கள். கடையில் பொட்டலமாகவே கிடைக்கும்.

எட்டுக் கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்றவைப்பது இருதரப்புக்கும் பொதுவான பழைய விதி. இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகவே மலைநாட்டுக் கசாயமும் கொழும்புக் கசாயமும் ஒன்றல்ல என்று வாதிட இடமுண்டு; இன்னும் எவரும் வாதிடவில்லை. ஏழு கோப்பையை ஆவியாக்க எவ்வளவு மிலாறு விறகு எரியும் என்பது அதைச் சுமந்து வந்தவருக்குத் தெரியும். அதனால் நடைமுறையில் விதி தளர்ந்து, நிறம் இறங்கியதும் கேத்தல் அடுப்பிலிருந்து இறங்கிவிடுகிறது. நோயாளி உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்து முடிக்கிறார்.

வேலை செய்கிறதா? வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் தடிமன் பிடித்த 30 பேருக்குப் பழப்பானம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. அறை வெப்பத்தில் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மல் குறைந்ததாகச் சொன்னார்கள். சூடாகக் குடித்தபோது தொண்டை வலி, குளிர், களைப்புக்கும் சேர்த்து ஆறுதல் கிடைத்ததாம். அதாவது பாதி வைத்தியம் சூடுதான்.

சூடுதான் மருந்தென்றால் சாயத்தண்ணியே போதுமே என்று குதர்க்கவாதி கேட்கலாம். சாயத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்கு ஓடலாம். கொத்தமல்லித் தண்ணீர் குடித்தவரைப் போர்த்திப் படுக்க வைப்பார்கள். இந்த ஓய்வைச் சேர்மானப் பட்டியலில் எவரும் எழுதுவதில்லை. தோட்டத்தில் கிடைப்பதற்கு அரியதும் அதுதான்: மூக்கைத் துடைத்துக்கொண்டே பறித்ததில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்), வீட்டில் படுத்தால் அதுவும் இல்லை.

2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி கொரோனாவைத் தீர்க்கும் என்று கேகாலையில் கூட்டம் முண்டியடித்தது. அதைக் குடித்துக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. கொத்தமல்லித் தண்ணீர் அப்படி எந்த வாக்குறுதியும் கொடுத்ததில்லை. அது வைரஸைக் கொல்லாது. தடிமன் ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும்வரை ஆளைத் தாங்கிப் பிடிக்கும்.

வாசகர்கள் வறுத்தோ வறுக்காமலோ அவித்துக் குடிக்கலாம். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு மட்டும் தேன் கலந்து கொடுக்க வேண்டாம். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ கேத்தலை இறக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.