கப்பலடியில் எலுமிச்சம்பழம்: ஒரு மானாவாரி ஆய்வு

கழுகுமலையிலிருந்து கடல் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். கம்பும் உளுந்தும் விளையும் இந்தக் கரிசலில் கப்பலைத் தீப்பெட்டி லேபிளில்தான் பார்க்கலாம். ஆகவே கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழாவை விருப்பு வெறுப்பின்றி ஆராயும் தகுதி இவ்வூருக்கே உண்டு என்பது நம் முதல் துணிபு.

மேலைநாட்டார் ஷாம்பெயின் பாட்டிலைக் கப்பலின் முகப்பில் அடித்து உடைப்பார்கள். உடையாவிட்டால் அபசகுனம். அந்தப் பாட்டிலோ உள்ளே ஆறு மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கவென்று தடித்த கண்ணாடியில் வார்த்தது. உடையாமல் இருப்பதே அதன் உத்தியோகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சீமாட்டி வீசிய பாட்டில் குறிதப்பி, வேடிக்கை பார்த்தவர்மேல் விழுந்ததாம். அவர் நஷ்டஈடு கேட்டபிறகுதான் பிரிட்டிஷ் கடற்படை பாட்டிலுக்குக் கயிறு கட்டியது என்பார்கள். 1843இல் பிரிஸ்டலில் ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலுக்கு எறிந்த பாட்டில் எட்டாமல் போக, ஆல்பர்ட் இளவரசரே இன்னொன்றை எடுத்து எறிய வேண்டியதாயிற்று. 2000இல் சவுத்தாம்ப்டனில் இளவரசி ஆன் விட்ட பாட்டில் உடையவில்லை. அந்த ‘அரோரா’ கப்பல் முதல் பயணத்திலேயே பழுதாகித் திரும்பியது. பழி பாட்டிலுக்கா, புரொப்பெல்லர் தண்டுக்கா என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். நாம் பாட்டில் கட்சி.

நம் நாட்டுக் கப்பல்களுக்குத் தேங்காய். விடலை போட்டுப் பழகிய எவருக்கும் தெரியும்: காயைவிடக் கல் கெட்டியாக இருக்க வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோரில் இது மறந்துபோனது. 2021 டிசம்பரில் 1.16 கோடி ரூபாய்ச் சாலையைத் திறக்க எம்.எல்.ஏ. தேங்காய் உடைத்தார், காய் முழுசாக இருந்தது, சாலை பெயர்ந்தது.

இனி நம் முறை. கழுகாசலமூர்த்தி கோயில் முன்னே புது டிராக்டர். ஹெட்லைட்டில் சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். உரிமையாளர் முறுக்குகிறார், வண்டி உறுமுகிறது, நகரவில்லை. “அண்ணாச்சி, நியூட்ரல்ல கெடக்கு!” என்கிறான் ஒரு பொடியன். கியர் விழுகிறது. ‘பொதுக்’ என்று நாலும் நசுங்கி, புளிப்பு வாசம் எழுகிறது. குறிபார்க்க வேண்டாம், கைவலு வேண்டாம். கௌரவிக்கப்படும் பொருளே தன் எடையால் வேலையை முடித்துக்கொள்கிறது. கப்பல் இறங்கும் சறுக்குப் பாதையிலும் இரண்டு பழம் வைக்கலாமே என்பது இவ்வாய்வின் பரிந்துரை.

மறுப்பு ஒன்று உண்டு. 2025 செப்டம்பரில் தில்லி நிர்மாண் விஹாரில், ஷோரூமின் முதல் மாடியில் ஒரு பெண்மணி புதுக் காரை எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றினார். ஆக்சிலரேட்டர் சற்று அழுந்திவிட, கார் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கப்பல் கட்டுவோர் கணக்கில் இது குறையற்ற வெள்ளோட்டம். தண்ணீர் ஒன்றுதான் இல்லை. அந்தக் குறை எங்கள் ஊருக்கும் உண்டு.