காற்றுக்கும் ஒரு முத்திரை

சட்டமுறை எடையளவு அதிகாரிகளின் மேலான சமூகத்திற்கு, இராஜபாளையத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்துக் காலக்ஷேபம் செய்யும் அடியேனின் விண்ணப்பம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்குகிறவன் ஐந்து கிராம்கூட ஏமாந்துவிடலாகாது என்னும் கருணையினால் கடைத்தராசு ஒவ்வொன்றுக்கும் காலந்தோறும் முத்திரையிட்டுவரும் தாங்கள், அந்தப் பால்கோவாவுடன் ஊர் திரும்புகிற மனிதனையும், பின்னால் அமர்ந்திருக்கும் அவன் தர்மபத்தினியையும் ஏந்திவரும் டயர்க் காற்றின் மட்டில் மௌனவிரதம் பூண்டிருப்பதன் தாத்பரியம் என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. பங்க்கில் காற்று இலவசமாதலால் அது வியாபாரத்தில் சேராது என்பது தங்கள் சித்தாந்தம் போலும்.

எங்கள் ஊர் எல்லையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பங்க்கில், 28 என்று மீட்டர் திருவாய் மலர்ந்த பின்சக்கரம், ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு பங்க்கில் 35 ஆகிவிடுகிறது. ஓடிய டயர் சூடேறும், சூடேறிய காற்று அழுத்தம் கூடும் என்பதை நான் அறியாதவனல்லன். 30 டிகிரியில் 28 காட்டிய காற்று 50 டிகிரியில் ஏறக்குறைய 31 காட்டும் என்பது பௌதிக சாஸ்திரம். அந்த மூன்றைச் சூரியபகவான் பேரிலும் தார்ச்சாலை பேரிலும் எழுதிவிடலாம். மிச்சம் நான்கு யார் பற்று?

பஞ்சாலைக்கு மூட்டை ஏற்றிவரும் லாரிக்கும் என் வண்டிக்கும் அங்கே ஒரே மீட்டர்தான். முள் 150 வரை ஓடும் கருவி, முழு அளவில் நூற்றுக்கு இரண்டு பிசகினாலும் மூன்று புள்ளி போயிற்று. நூறுக்கு மேல் காற்றுக் கேட்கும் லாரிக்கு அது அற்பம். என் 28-க்கோ பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம்.

ஆகவே 60 வரை மட்டுமே காட்டும் கேஜ் ஒன்றை வாங்கி, வண்டி இரவெல்லாம் நின்று டயர் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில், வால்வின்மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்திப் பார்க்கலானேன். மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கிற காற்றே சொற்பம். சந்தேகப் பிராணிகள் மீண்டும் மீண்டும் அழுத்தினால், அளப்பதிலேயே அளந்த பொருள் குறைந்துபோகும். கேஜ் நூற்றுக்கு நூறு சரியாயிருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. தினமும் பத்து நிமிஷம் பிந்தியே வருகிற பஸ்ஸை நம்பிப் புறப்படலாம்; அதுபோல, எப்போதும் இரண்டு புள்ளி கூட்டியே காட்டும் கேஜை நம்பிக் காற்றடிக்கலாம். ஆனால் அந்த இரண்டை எனக்குச் சொல்வார் யார்? ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க, சோதிக்கப்பட்ட கருவி ஒன்று ஊரில் எங்கே இருக்கிறது? இந்த இடத்தில்தான் சமூகத்தின் ஞாபகம் வந்தது.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். 1956-இல் சட்டம் இயற்றி, சேரையும் வீசையையும் ராத்தலையும் கடைத்தெருவிலிருந்து விரட்டிய இந்தத் தேசத்தில், சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்கிற பழைய துரைத்தனக் கணக்கு காற்றுக் குழாய் நுனியில் மட்டும் இன்றளவும் சௌக்கியமாக வீற்றிருக்கிறது. அதை வெளியேற்றும்படி நான் கேட்கவில்லை. பாவம், வயதான ஜீவன்.

கேட்பது இவ்வளவே: சோதித்த கேஜ் ஒன்றை மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறுமுன், எங்கள் ஊரில் ஓரிடத்தில் வைத்து, எங்கள் வீட்டுக் கேஜ்களை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ள அநுமதிக்க வேண்டும். அதற்குச் சௌகரியப்படாவிட்டால், பங்க் மீட்டர்களின் மேல் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று ஒரு முத்திரையாவது குத்தியருள வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
இராஜபாளையம் வாசி