நைனா பெயரில் ஒரு அப்ரண்டிஸ்

அப்ரண்டிஸ் என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது அரசாங்கம் இல்லை, காண்ட்ராக்டர் நேசமணி. 1961-இல் தனிச்சட்டமே போட்டு நாற்பது வருஷம் கட்டிக்காத்த மரியாதையை, 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் நேசமணியாக நடித்த வடிவேலு ஒரே அதட்டலில் கீழே இறக்கிவைத்துவிட்டார். அந்தப் படத்தில் அவர் தலையில் விழுந்த சுத்தியலுக்கு, பதினெட்டு வருஷம் கழித்து, 2019 மே மாதம் உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது. அவரிடம் திட்டு வாங்கிய அப்ரண்டிஸுகளுக்காக ஒருவரும் பிரார்த்திக்கவில்லை.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியிலிருந்து எனக்கு ‘டிகிரி அப்ரண்டிஸ்’ என்று கடிதம் வந்தது. வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் தம்பி எழுந்து உள்ளே போனான். தலையில் அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்தான். “உனக்கும் ஒண்ணு எடுத்தாறட்டாக்கா? சுத்தியல் வுழுந்தா தாங்கும்.”

ஆயாவுக்கு வேறு சந்தேகம். “டிகிரி தெரியும். அப்ரண்டிஸும் தெரியும். ரெண்டும் ஒண்ணா சேந்தா இன்னா?”

நியாயமான கேள்வி. படித்துக்கொண்டே வேலை பழகுவது, பழகியதற்கும் மார்க் போடுவது. ஜெர்மனிக்காரர்கள் ஸ்டுட்கார்ட்டில் 1974-லேயே இதற்கென்று கல்லூரி வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இதே பெயரில் 2015-இல் வந்தது. நம் ஊரில் 2019-இல் அப்ரண்டிஸ் விதிகளில் இடம் கொடுத்தார்கள், 2020-இல் யு.ஜி.சி. வழிகாட்டுதல் போட்டது. பட்டமே வேண்டாம் என்று பையன்களை எடுத்து, பணமும் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிற ஜோஹோ ஒரு வழி. பிளஸ் டூ முடித்தவர்களை 2017 முதல் எடுத்து, வேலையோடு பட்டத்துக்கும் வழி செய்கிற எச்.சி.எல். இன்னொரு வழி. என்னுடையது மூன்றாவது வழி. கல்லூரியில் கேட்டால் கம்பெனிக்காரி, கம்பெனியில் கேட்டால் கல்லூரிக்காரி.

அந்த 1961 சட்டமும் கைவிட்டுவிட்டது. 18-ஆம் பிரிவு சொல்கிறது: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. 22-ஆம் பிரிவுப்படி, பயிற்சி முடிந்ததும் வேலைக்கு எடுப்பது அந்தந்த முதலாளியின் கொள்கை. பி.எஃப். கிடையாது. சம்பளம் என்று ஒன்று கிடையாது, ‘உதவித்தொகை’ உண்டு. நான் சேர்ந்தபோது மாதம் குறைந்தது 9,000 ரூபாய். அதில் பாதி மத்திய அரசு ஏற்கும்.

இந்த ‘உதவித்தொகை’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. எங்கள் தெருவில் அது முதியோர் உதவித்தொகை மட்டும்தான். ஆக எங்கள் வீட்டில் இரண்டு பேர் உதவித்தொகைக்காரர்கள் ஆனோம், ஆயாவும் நானும். அவளுடையது மாதாமாதம் வந்துவிட்டது. என்னுடையது முதல் இரண்டு மாதம் வரவில்லை. “கடன் குடுக்கட்டாடி?” என்று ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்த காட்சியை நான் எந்தப் பயோடேட்டாவிலும் எழுதவில்லை.

பணம் வராததற்குக் காரணம் என் பெயர். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊரான ஆரம்பாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாடு மூச்சை விடுகிற இடம். ரயிலில் வந்தால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், அடுத்து நாங்கள். எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரி. சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி, அதிலும் பெரும்பாகம் ஆந்திராவில். அரைக் கிலோமீட்டர் கரையோரமாக நடந்தால் என் போன் தெலுங்கில் வணக்கம் சொல்லும். ஏரி என்கிறோம், தண்ணீர் உப்புக் கரிக்கும். கடலும் இல்லை, ஏரியும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு, ‘தொழிலாளி அல்ல, மாணவியும் அல்ல’ என்பது பெரிய அதிர்ச்சியாக இருக்காது என்று நினைத்தேன். இருந்தது.

நைனா, அதாவது என் அப்பா, என் நிலைமையைப் பக்கத்து வீட்டு மாமாவுக்கு விளக்கியதைத் திண்ணையிலிருந்து கேட்டேன். “இறா கடல்ல பொரிக்குது. குஞ்சு முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வருது. இங்க தின்னு பெருசாவுது. அப்பால கடலுக்குத் திரும்புது இல்ல? பொண்ணும் அப்புடித்தான், கம்பெனிக்குள்ள போயி பெருசாயி வரும்.”

நான் நெகிழ்ந்துபோனேன். உயிரியல் பிழையில்லாத உவமை. மாமா பீடியைத் தட்டினார். “உள்ள வந்த இறா எவ்ளோ திரும்பிப் போச்சு? பாதி உன் வலைல இல்ல கீது.”

முதல் நாள் கம்பெனியில் மனிதவள அதிகாரி ஷிப்ட் ரோஸ்டரை விளக்கினார். அரை மணி நேரம், பதினெட்டு ஸ்லைடு. எனக்கு ஒரு வாரம் காலை ஆறு மணி, ஒரு வாரம் ஜெனரல். யாரோடு மாற்றிக்கொள்ளலாம், யாரோடு கூடாது, மாற்றினால் யாரிடம் கையெழுத்து, எல்லாம் உண்டு. இரவு ஆயாவிடம் அதைச் சொல்ல ஆரம்பித்து முதல் வாக்கியம் முடியவில்லை. “ஓ, பாடு போட்டுக்கீறானா!”

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்பது காலங்காலமாக இருக்கிற முறை. மீன் படுகிற நல்ல இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும். அடுத்தவன் பாட்டில் போய் வலை போட்டால் சண்டைதான், பஞ்சாயத்துதான். ஆராய்ச்சியாளர்கள் வந்து இதைப் பற்றி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாடு என்றால் முறை, பாடு என்றால் கஷ்டம். ரோஸ்டர் என்ற சொல்லில் இரண்டாவது அர்த்தம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வேலை என்ன? ‘டிஜிட்டல் மாற்றத்தில் பங்களிப்பு’ என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நடைமுறையில் பார்கோடு பிரிண்டர். பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள் அதில்தான் வரும். பிரிண்டர் தலையில் ஊசிமுனைப் புள்ளிகளாகச் சூடேறும் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு புள்ளி செத்துப்போனால் லேபிளில் நெடுக ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு விழும். அது கறுப்புக்கோட்டின் மேல் விழுந்தால் ஸ்கேனர் படிக்காது. ஸ்கேனர் படிக்காவிட்டால் லாரி கிளம்பாது. லாரி கிளம்பாவிட்டால் மேனேஜர் கிளம்பி வருவார். காது குடையும் பட்ஸில் ஸ்பிரிட்டைத் தொட்டு, குழந்தைக்கு மருந்து தடவுவதுபோல அந்தத் தலையைத் துடைக்க லைனில் இருந்த அண்ணன் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். பத்தாம் வகுப்பு. அவர் கை வைத்தால் பாதி கோடு மறைந்துவிடும். அழுக்கு என்றால் போகும், புள்ளி செத்திருந்தால் போகாது, தலையையே மாற்ற வேண்டும் என்கிற வித்தியாசம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. என் மூன்று வருஷப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது எது என்று கேட்டால் அந்தப் பட்ஸைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது வேலை ஸ்டோர்ஸ் பட்டியலைச் சுத்தம் செய்வது. ஒரே நட்டு மூன்று பெயரில் இருந்தது: ‘நட் எம்8’, ‘எம்8 நட்’, ‘8எம்எம் நட்டு - பழைய ரேக்’. கம்ப்யூட்டர் அதை மூன்று பொருள் என்று நம்பி மூன்று தடவை ஆர்டர் போட்டிருந்தது. நட்டு மலைபோல் குவிந்திருந்தது. பெயரை நம்பாதே, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடு, அதுதான் பிரைமரி கீ. வகுப்பில் உருப்போட்டதை இங்கே கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரம்தான் தெரிந்தது, அதே கம்பெனியின் பதிவேட்டில் நானும் மூன்று பேராக இருக்கிறேன் என்று.

ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல். மார்க்‌ஷீட்டில் முன்னால். வங்கி பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. பதிவுப் படிவமோ ‘கடைசிப் பெயர்’ கேட்டது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? முதலும் கடைசியும் ஒரே பெயர்தான். சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்ததால் நைனாவின் பெயரை எழுதினேன். மென்பொருள் அதைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டது. அடையாள அட்டையில் நைனாவின் பெயர் பெரிய எழுத்தில், அதன் கீழே என் முகம். மின்னஞ்சல்கள் நைனாவை அன்போடு விளித்தன. மகளிர் தினத்துக்கு நைனாவுக்கு வாழ்த்து வந்தது. கேன்டீனில் டோக்கன் கொடுக்கும் அக்கா மட்டும் என்னை “ஏ அப்ரண்டிஸ்” என்று கூப்பிடுவாள். இருந்ததிலேயே சரியான பெயர் அதுதான். பாஸ்புக்கில் இல்லாத ஆளுக்கு வங்கி எப்படிப் பணம் போடும்? போடவில்லை. இரண்டு மாதம் ஆயாவிடம் கடன்.

இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை ஆன்லைன் வகுப்பு. வீட்டுக்குள் சிக்னல் வராது, திண்ணைதான். திண்ணையில் ஆயாவின் நண்டு வியாபாரமும் நடக்கும். பேராசிரியர் “எனி டவுட்ஸ்?” என்று கேட்ட நொடியில் என் மைக் திறந்திருந்தது. “எட சரியில்ல, எடுத்துட்டு மறுபடி போடு!” என்றாள் ஆயா, வியாபாரியிடம். அன்று நடந்த பாடம், கணிதத்தில் எடையிட்ட சராசரி. பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒருமுறை சரிபார்த்தார். எடை உண்மையிலேயே தப்பாகத்தான் போட்டிருந்தார்.

இனி 2023 ஜூலை 14.

அன்று பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை எனக்கு ஆன்லைன் தேர்வு. அரைநாள் லீவு கெஞ்சி வாங்கியிருந்தேன். லேப்டாப் கேமரா என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும், பார்வை திரும்பினால் எச்சரிக்கை, வேறு ஆள் வந்தால் எச்சரிக்கை, சத்தம் கேட்டால் எச்சரிக்கை. மூன்று சேர்ந்தால் தேர்வு தானாக முடிந்துவிடும். எங்கள் வீட்டு ஜன்னல் கிழக்கே ஏரியைப் பார்த்தது. ஏரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் மீன்பிடிக்கப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நைனாவும் வீட்டில்.

சரியாக 2:35-க்குச் சந்திரயான்-3 கிளம்பியது. சத்தியமாக நான் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஜன்னல் ஓரத்தில் ஒரு நெருப்பு நேராக எழும்பும்போது கழுத்து யார் பேச்சையும் கேட்பதில்லை. முதல் எச்சரிக்கை. “போவுது பாரு, போவுது பாரு!” என்று நைனா உள்ளே ஓடிவந்து கேமராவுக்குள் நின்றார். இரண்டாவது. நான் தலையைக் குனிந்துகொண்டு ஐந்தாம் கேள்விக்கு வந்தேன். ஏவுதளம் எங்களிடமிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தான் வரும். ஆகவே ஒன்றரை நிமிஷம் கழித்து, எல்லாம் ஓய்ந்தது என்று நான் மூச்சுவிட்டபோது, அந்த உறுமல் வந்தது. தகர ஷட்டர் கிடுகிடுத்தது. மூன்றாவது. ‘தங்கள் தேர்வு சமர்ப்பிக்கப்பட்டது.’

விளக்கம் கேட்டு மடல் வந்தது, நைனா பெயருக்கு. எழுதினேன்: முதல் எச்சரிக்கைக்கும் மூன்றாவதற்கும் இடையிலான நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் என் வீட்டுக்கும் ஏவுதளத்துக்கும் உள்ள தூரம் வரும், இது காப்பியடித்தவளுக்குத் தற்செயலாக அமையாது. ‘ஆதாரம் இணைக்கவும்’ என்று பதில். இஸ்ரோ அறிக்கையை இணைத்தேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். ஆகஸ்ட் 23 மாலை விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியது. என் கடிதம் அப்போதும் பரிசீலனையில்தான் இருந்தது. மறுதேர்வுக்கு அனுமதி செப்டம்பரில் வந்தது. மறுதேர்வு நாளில் ராக்கெட் எதுவும் விடுகிறார்களா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து சான்றிதழும் வந்துவிட்டது. கெட்டியான காகிதம், வண்ண முத்திரை, நைனாவின் பெயர் பெரிதாக, என் பெயர் அதற்குப் பின்னால் அடக்கமாக. திருத்தித் தரச்சொல்லலாம் என்றேன். நைனா சம்மதிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு ஏரிக்குப் போனவர், இந்தக் காகிதம் கம்ப்யூட்டரில் அவருக்குத் தேர்ச்சி கொடுத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்குப் போய் லேமினேட் செய்துகொண்டு வந்து, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார். தம்பி அன்னக்கூடையோடு கீழே நின்றான், கையிலிருந்து சுத்தியல் விழக்கூடும் என்று.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்ரண்டிஸாகச் சேரப்போகிறதா? பாடத்தையும் கம்பெனியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆதார், மார்க்‌ஷீட், பாஸ்புக் மூன்றையும் தரையில் வரிசையாக வையுங்கள். இனிஷியல் மூன்றிலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.